கண்மாயைக் கேட்காமல் கார்பன் கணக்கு எழுதலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விவசாய நிலங்களுக்குக் கார்பன் கிரெடிட் வழங்குவதற்கான விதிகளும் கணக்கிடும் முறைகளும் நம் நாட்டில் ஒவ்வொன்றாக உருவாகி வருகின்றன. அவை குறித்த கருத்துக்கேட்பு செட்டிநாட்டுச் சிற்றூர்களை எட்டவில்லை என்பதையும், எட்டியிருந்தால் இங்கே கண்மாய்ப் பாசனத்தை நம்பிப் பயிர் செய்கிறவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதையும் தங்கள் நாளிதழ் வாயிலாகத் தெரிவிக்க விரும்புகிறேன். நான் காரைக்குடி வட்டத்தில் ஒரு போக நெல் பயிரிடும் விவசாயி. எங்கள் கண்மாயின் (ஏரியின்) தண்ணீரில் பயிர் செய்யும் ஆயக்கட்டுதாரர்களில் ஒருவன்.

முதலில் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2022ஆம் ஆண்டு எரிசக்தி சேமிப்புச் சட்டம் திருத்தப்பட்டு, கார்பன் கிரெடிட் வணிகத்துக்குச் சட்ட வழி திறக்கப்பட்டது. 2023 ஜூன் மாதம் மத்திய மின்துறை அமைச்சகம் அதற்கான திட்டத்தை அறிவிக்கை செய்தது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த திருத்தம், கட்டாய இலக்கு விதிக்கப்படாதவர்களும் தாமாக முன்வந்து திட்டங்களைப் பதிவு செய்து கிரெடிட் பெறலாம் என்றது. வேளாண்மையும் காடு வளர்ப்பும் இந்தப் பிரிவில்தான் வருகின்றன. 2024 ஜனவரியில் மத்திய வேளாண் அமைச்சகம், வேளாண் துறைக்கான தன்னார்வ கார்பன் சந்தை குறித்து ஒரு வழிகாட்டு ஆவணத்தை வெளியிட்டது. இவை தவிர, கிரெடிட்டுகளைச் சரிபார்த்துப் பதிவு செய்யும் வெரா போன்ற வெளிநாட்டுப் பதிவமைப்புகளின் விதிகளின்படி நடக்கும் திட்டங்களும் உண்டு. ஒரு டன் கார்பன் டை ஆக்சைடுக்கு ஈடான வாயுவைக் காற்றில் சேராமல் தடுத்தாலோ, காற்றிலிருந்து எடுத்து மண்ணிலும் மரத்திலும் நிறுத்தினாலோ ஒரு கிரெடிட் என்பது கணக்கு. அதை விலைக்கு வாங்குகிறவர் தமது ஆலைப் புகைக்கு ஈடாக அதைக் காட்டிக்கொள்வார்.

ஆஸ்திரேலியாவில் பண்ணை மற்றும் நில மேலாண்மைக்கென ஒருங்கிணைந்த கார்பன் கிரெடிட் முறை ஒன்றை உருவாக்கி, அதன் வரைவைப் பொதுமக்கள் கருத்துக்கு வைக்கிறார்கள் என்பதைப் படித்ததுதான் இக்கடிதத்தை எழுதத் தூண்டியது. ஒரே பண்ணையில் மண் கார்பன், மரம் நடுதல், தானாக வளரும் புதர்க்காட்டைப் பேணுதல் ஆகியவற்றைத் தனித்தனித் திட்டங்களாக நடத்தாமல் ஒன்றாகக் கணக்கிடலாம் என்பது அந்த முறையின் சாரம். அங்கே 2011ஆம் ஆண்டிலேயே இதற்குச் சட்டம் வந்துவிட்டது. அதன் கீழ் வழங்கப்பட்ட கிரெடிட்டுகளில் சில மெய்யானவையா என்ற கேள்வி எழுந்ததால் 2022இல் ஒரு மறுஆய்வுக் குழுவும் அமைக்கப்பட்டது. நிலத்தில் உரிமை கொண்ட பிறரின், அதாவது அடமானம் பிடித்த வங்கி முதல் பூர்வகுடி மக்கள் வரை, சம்மதம் இருந்தால்தான் கிரெடிட் கிடைக்கும் என்பது அங்குள்ள விதி. ஆயிரக்கணக்கான ஏக்கர் கொண்ட பண்ணைக்கே இவ்வளவு கேட்கிறார்கள். தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரிப் பயிர்நிலம், 2015–16 வேளாண் கணக்கெடுப்பின்படி, முக்கால் ஹெக்டேர். நம்மிடம் எவ்வளவு கேட்க வேண்டியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

எங்கள் ஊருக்கு ஒரு கார்பன் திட்ட நிறுவனத்தின் சார்பில் ஓர் இளைஞர் வந்திருந்தார். பெயர் வேண்டாம். நல்ல பிள்ளை; அவர் மீது எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ரேஷன் கடைத் திண்ணையில் உட்கார்ந்து, கையில் இருந்த டேப்லெட்டில் ஒவ்வொருவர் பெயராகப் பதிந்துகொண்டு வந்தார். ஆதார் நகல், சிட்டா, அடங்கல் கேட்டார். பதினைந்து பக்கத்துக்குக் குறையாத ஆங்கில ஒப்பந்தம் ஒன்றை நீட்டி, கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார். எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர், "தம்பி, இதை ஒரு தடவை தமிழில் வாசிச்சுக் காட்டிருங்க, போட்டுர்றேன்" என்றார். இளைஞர் வாசித்துக் காட்டவில்லை. மொழிபெயர்ப்பு தலைமை அலுவலகத்திலிருந்து வரவேண்டும் என்றார். கூடவே, துளையிட்ட பிளாஸ்டிக் குழாய் ஒன்றைக் காட்டி, இதை வயலில் புதைத்துத் தண்ணீர் அளவைப் பார்த்துப் பாய்ச்சினால் மீத்தேன் குறையும், அதற்குப் பணம் வரும் என்று விளக்கினார்.

அந்தக் குழாயில் அறிவியல் உண்டு. வயலில் வாரக்கணக்கில் தண்ணீர் தேங்கி நின்றால் மண்ணுக்குள் ஆக்சிஜன் இல்லாமல் போய், நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்குகின்றன. தண்ணீர் மட்டம் மண்ணுக்கு அடியில் 15 சென்டிமீட்டர் வரை இறங்கிய பிறகு மறுபடி பாய்ச்சினால், இடையில் காற்றுப் புகுந்து மீத்தேன் கணிசமாகக் குறையும். ஆற்றுப் பாசனத்திலும் பம்புசெட்டிலும் தேங்கத் தேங்கப் பாய்ச்சுகிற இடங்களுக்கு இது பொருந்தும். எங்கள் நடைமுறையோ வேறு. கோடை உழவு போட்டு, ஆவணி புரட்டாசியில் காய்ந்த மண்ணில் புழுதி விதைப்புச் செய்கிறோம். மழை விழுந்தால் பயிர் முளைக்கும். ஐப்பசி கார்த்திகையில் கண்மாய் பெருகினால் மடை திறந்து, தலைமடை தொடங்கிக் கடைமடை வரை முறை வைத்துப் பாய்ச்சுவோம். மார்கழியில் கண்மாய் வற்றிவிட்டால் கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் ஒரு தண்ணீர் குறைந்து, பாதி பதராகப் போகும். இந்த வயலில் குழாயைப் புதைத்து, தண்ணீர் மட்டம் இறங்கியதா என்று பார்க்கச் சொல்வது எங்களுக்குச் சிரிப்பாகத்தான் இருக்கிறது. தண்ணீர் இறங்குவது எங்களுக்குச் சிக்கலே இல்லை, ஏறுவதுதான் சிக்கல்.

பருவநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக் குழு, 2019ஆம் ஆண்டு திருத்திய வழிகாட்டு நெறிகளில் இதற்கு ஒரு கணக்குத் தந்திருக்கிறது. எப்போதும் தண்ணீர் நிற்கும் வயலின் மீத்தேனை 1 என்று வைத்தால், பலமுறை வடித்துப் பாய்ச்சும் வயலுக்கு 0.55, சீரான மழையை நம்பிய வயலுக்கு 0.54, வறட்சிக்கு உள்ளாகும் மானாவாரி வயலுக்கு 0.16. அதாவது, குழாய் புதைத்துச் சென்றடைய வேண்டிய இடத்தையும் தாண்டி எங்கள் வயல்கள் முன்னரே கீழே நிற்கின்றன. குறைப்பதற்கு இங்கே மிச்சம் இல்லை. இதை மறைத்து, நெல் வயல் என்றாலே தண்ணீர் தேங்கிய வயல்தான் என்ற எடுகோளில் ஒரு மாவட்டத்துக்கே கணக்குப் போட்டால் கிடைப்பது பொய்க் கிரெடிட். 2024 ஆகஸ்டில் வெரா நிறுவனம் சீனாவின் 37 நெல் சாகுபடித் திட்டங்களை நிராகரித்தது. அப்படி ஒரு நாள் இங்கே வந்தால், திட்ட நிறுவனம் அலுவலகத்தை மூடிவிட்டுப் போய்விடும். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் ஊரில்தான் இருப்பார்.

ஆகவே, கருத்துக்கேட்பில் நாங்கள் சொல்ல வேண்டிய முதல் செய்தி, பணம் வேண்டும் என்பதன்று. திட்டம் வருவதற்கு முன் எங்கள் வயல் இருந்த அடிப்படை நிலையை எங்கள் கண்மாயைப் பார்த்து எழுதுங்கள் என்பதே. ஒவ்வொரு கண்மாய்க்கும் எத்தனை நாள் தண்ணீர் நிற்கிறது, மடை எப்போது திறக்கிறது, எப்போது வற்றுகிறது என்பது நீர்பாய்ச்சுகிறவருக்கு மனப்பாடம். நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள கண்மாய்கள் நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கின்றன. இந்த விவரங்களைச் சேர்த்து எழுதுவது கடினமான வேலை அல்ல. செயற்கைக்கோள் படம் மட்டும் போதும் என்று நினைக்கிறவர்கள், ஐப்பசியில் மேகம் மூடியிருக்கும் வானத்துக்குக் கீழே எந்த வயல் நனைந்தது, எது நனையவில்லை என்பதை எப்படிக் கண்டார்கள் என்றும் சொல்ல வேண்டும்.

இதில் ஒரு நியாயக் கேள்வி எழுகிறது. கார்பன் கிரெடிட் விதிகளின் உயிர்நாடி, திட்டம் வந்ததால் கூடுதலாக நிகழ்ந்த நன்மைக்கு மட்டுமே கிரெடிட் என்பது. முன்பே குறைந்த தண்ணீரில் பயிர் செய்தவருக்கும், முன்பே மரம் வைத்துக் காத்தவருக்கும் ஒன்றும் இல்லை. வீணடித்தவர் திருந்தினால் பணம். எங்கள் ஊரில் இதைக் கேட்டவர்கள் கொதித்துப் போனார்கள். ஆனால் இந்த விதியைத் தளர்த்துங்கள் என்று கேட்பவனல்ல நான். வாங்குகிறவர் அந்தக் கிரெடிட்டைக் காட்டி ஒரு டன் புகையை உண்மையாகவே வெளியிடப்போகிறார். இந்தப் பக்கம் ஒரு டன் உண்மையாகவே குறையாவிட்டால் மொத்தமும் ஏமாற்று. காத்துவந்தவர்களுக்குக் கொடுக்க வேண்டியதை அரசு கண்மாய் மராமத்தாகவும், கரை பலப்படுத்துதலாகவும், வரத்துக்கால் தூர்வாருதலாகவும் நேரடியாகக் கொடுக்கட்டும். அதைக் கார்பன் கிரெடிட் என்ற போர்வையில் தர வேண்டியதில்லை.

மண் கார்பன் பற்றியும் சிறிது கணக்குப் பார்த்துவிடுவோம், ஏனெனில் இதில்தான் ஆசை வார்த்தைகள் அதிகம். எங்களுடையது சரளை கலந்த செம்மண். மண்வள அட்டையில் அங்ககக் கார்பன் 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் 'குறைவு' என்று எழுதுவார்கள். எங்கள் பக்கம் கையில் எடுத்துப் பார்த்த அட்டைகளில் அந்தச் சொல்தான் இருக்கிறது. ஒரு ஹெக்டேரில் 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஏறத்தாழ 4,500 டன் மண் இருக்கும். அதில் கார்பனை 0.1 சதவீதம் கூட்டினால் 4.5 டன் கார்பன், அதாவது 16.5 டன் கார்பன் டை ஆக்சைடு. ஏக்கருக்கு 6.7 டன். இந்த வெயிலில் அந்த உயர்வுக்குப் பத்து ஆண்டு ஆகும் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு ஏக்கருக்கு முக்கால் கிரெடிட்டுக்கும் குறைவு. கிரெடிட்டுக்கு ஆயிரம் ரூபாய் விலை கிடைத்து, அதில் ஒரு பைசாகூடப் பிடித்தம் இல்லை என்றே வைத்தாலும் வருவது 670 ரூபாய். அரை மூட்டை டிஏபி உரத்துக்குத்தான் ஆகும். மண் பரிசோதனை, தணிக்கை, பதிவுக் கட்டணம், நிறுவனத்தின் பங்கு எல்லாம் போக என்ன மிஞ்சும் என்பதை விதி எழுதுகிறவர்கள் தமிழில், ரூபாயில், ஏக்கர் கணக்கில் முன்கூட்டியே அறிவிக்கச் செய்ய வேண்டும். ஹரியானாவிலும் மத்தியப் பிரதேசத்திலும் 841 விவசாயிகளிடம் நடத்தப்பட்டு 2024இல் வெளியான ஓர் ஆய்வு, கார்பன் திட்டங்களில் இருந்தவர்களில் 99 சதவீதம் பேருக்குப் பணம் வந்து சேரவில்லை என்றும், 28 சதவீதம் பேர் இரண்டாம் ஆண்டிலேயே புதிய முறைகளைக் கைவிட்டுவிட்டார்கள் என்றும் சொல்கிறது.

நாங்கள் மண்ணுக்கு வளம் சேர்க்கும் வழிகளோ எந்தப் படிவத்திலும் அடங்காதவை. அறுவடை முடிந்ததும் கீதாரிகள் ஆட்டு மந்தையோடு வருவார்கள். இரவுக்கு இவ்வளவு என்று பேசி, வயலில் கிடை போடுவோம். பட்டி மறித்த வயலில் மறு ஆண்டு பயிர் நிற்கிற நிறமே வேறு. இந்தக் கணக்கை எப்படி எழுதுவார்கள்? ஆட்டின் செரிமானத்திலிருந்து வரும் மீத்தேன் ஆட்டுக்காரர் கணக்கிலா, எருவால் மண்ணில் சேர்ந்த கார்பன் நிலக்காரர் கணக்கிலா, மந்தை மேய்ந்த புறம்போக்கு யார் கணக்கில்? பட்டாவில் ஆடு கிடையாது. கோடையில் கண்மாய் வண்டலை டிராக்டரில் அள்ளி வயலில் கொட்டுகிறோம். மண்ணின் கார்பன் அளவு உடனே கூடும். ஆனால் அது கண்மாயில் இருந்தது வயலுக்கு வந்ததே தவிர, காற்றிலிருந்து இறங்கியதன்று. நேர்மையாகச் சொன்னால் இதற்குக் கிரெடிட் தரக் கூடாது. வயலை மட்டும் தனியே அளந்தால் இது சாதனையாகத் தெரியும். கண்மாயையும் சேர்த்து அளந்தால் உண்மை தெரிந்துவிடும்.

மரத்துக்கு வருவோம். அதிகத் தீங்கு விளையக்கூடிய இடம் இதுதான் என்பது என் கருத்து. வேகமாக வளர்ந்து, வேகமாகக் கார்பனைச் சேர்த்து, அளப்பதற்கும் எளிதாக இருப்பது தைலமரம். புதுக்கோட்டைப் பக்கம் தைலமரத் தோட்டங்களுக்குள் வெட்டப்பட்ட வரப்புகளும் பள்ளங்களும் மழைநீரை அங்கேயே மறித்துவிடுவதால் கீழே உள்ள கண்மாய்களுக்கு வரத்து இல்லை என்று விவசாயிகள் பல ஆண்டுகளாக முறையிட்டு வருகிறார்கள். செட்டிநாட்டில் கண்மாய்கள் தனித்தனியாக இருப்பதில்லை. மேலக் கண்மாய் நிரம்பிக் கலுங்கு வழியாக மறுகால் பாய்ந்தால்தான் அடுத்த கண்மாய்க்குத் தண்ணீர். மேட்டு நிலத்தில் ஒருவர் தமது பட்டா நிலம் முழுவதும் தைலமரம் வைத்து ஆண்டுக்கு ஆண்டு கிரெடிட் வாங்குவார். கீழே இரண்டு கண்மாய் ஆயக்கட்டு தரிசாகிப் போகும். தரிசான நிலத்தின் இழப்பு எந்தக் கணக்கேட்டிலும் ஏறாது. எனவே, ஒரு கண்மாயின் நீர்ப்பிடிப்புப் பகுதிக்குள் மர வளர்ப்புத் திட்டம் எதுவாக இருந்தாலும், அந்தக் கண்மாய் ஆயக்கட்டுதாரர்களின் சம்மதமும், வரத்துக்கால்கள் மறிக்கப்படவில்லை என்ற நேரடி ஆய்வும் இல்லாமல் பதிவு செய்யக் கூடாது என்று விதியிலேயே எழுத வேண்டும்.

சீமைக்கருவேலத்தைப் பற்றியும் விதி வாய் திறக்க வேண்டும். 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதை அகற்ற உத்தரவிட்டதும், பின்னர் அந்த உத்தரவு மறுபரிசீலனைக்குப் போனதும், 2022இல் தமிழ்நாடு அரசு அயல் ஊடுருவல் தாவரங்களுக்கெனத் தனிக் கொள்கை வெளியிட்டதும் வாசகர்கள் அறிந்தவை. சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டங்களில் இந்த மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைப்பவர்கள் ஏராளம். கண்மாய்க்குள் மண்டிக் கிடக்கும் இந்த மரத்தை வெட்டினால் அது கார்பன் இழப்பு என்று எழுதுவார்களா? வெட்டாமல் விட்டால் சேமிப்பு என்று யாராவது கிரெடிட் கேட்பார்களா? கண்மாயைத் தூர்வாருவதே குற்றக் கணக்கில் போய் முடியும்படி விதி அமைந்துவிடக் கூடாது.

அடுத்தது, செட்டிநாட்டுக்கே உரிய சிக்கல். அந்த இளைஞர் கேட்ட பட்டா எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு அவரவர் பெயரில் இல்லை. கொள்ளுத்தாத்தா பெயரிலோ, பதினெட்டுப் பங்காளிகள் பெயரில் கூட்டுப்பட்டாவாகவோ கிடக்கிறது. பங்காளிகளில் சிலர் சென்னையில், சிலர் கோலாலம்பூரில், சிலர் சிங்கப்பூரில்; முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் கோயில் திருவிழாவுக்கும் வந்து போவார்கள். நிலத்தை உழுகிறவர் அப்பா காலத்திலிருந்து வாரத்துக்கோ குத்தகைக்கோ பார்த்து வருகிறவர். எல்லாம் வாய்ப்பேச்சு, 1969ஆம் ஆண்டின் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டம் இருந்தும், பதிவேட்டில் பெயர் உள்ளவர்கள் அரிது. பெயரைப் பதியச் சொல்லிக் கேட்டால் நிலத்தைத் திரும்பக் கேட்பார்களோ என்ற அச்சம் குத்தகைதாரருக்கு. பதிந்துவிட்டால் நிலம் போய்விடுமோ என்ற அச்சம் உடைமையாளருக்கு. இரண்டு அச்சத்தையும் நான் குறை சொல்ல மாட்டேன். நகரத்தார் குடும்பங்கள் ஊருணி வெட்டியதையும் பள்ளிகளையும் கல்லூரிகளையும் கட்டியதையும் இந்த மண் மறக்கவில்லை. ஆனால் கிரெடிட் பணம் பட்டாவில் உள்ள பெயருக்கே போகும் என்று விதி வந்தால், கோடை உழவும் கிடையும் வண்டலும் செய்தவர் கையில் ஒன்றும் வராது. அதைவிடக் கேடு, இருபது ஆண்டு ஒப்பந்தத்துக்கு இடைஞ்சல் என்று அவரை நிலத்திலிருந்தே எழுப்பிவிடும் ஆசை பிறக்கும்.

இதற்கு வெளியே எங்கும் தேட வேண்டியதில்லை. நம் சட்டத்திலேயே வழி இருக்கிறது. 1956ஆம் ஆண்டின் நியாயக் குத்தகைச் சட்டம், பின்னர் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, விளைச்சலில் 25 சதவீதத்தை நிலவுடைமையாளரின் பங்காக வைக்கிறது. கார்பனும் அந்த நிலத்தின் விளைச்சல்தான். அதே பங்கீட்டைக் கிரெடிட்டுக்கும் வைத்து, பயிரிடுபவர் யார் என்பதை ஆயக்கட்டுதாரர் கூட்டமும் கிராம நிர்வாக அலுவலரும் சேர்ந்து சான்றளித்தால் போதும் என்று விதி செய்யலாம். பதிவு செய்வதற்கு முன்பே உடைமையாளர், பயிரிடுபவர் இருவரின் சம்மதமும் தேவை என்பதும், திட்டக் காலத்தில் பயிரிடுபவரை மாற்றினால் கிரெடிட் நிறுத்தப்படும் என்பதும் அதில் இருக்க வேண்டும். கோயில் நிலங்களுக்கும் இதுவே பொருந்தும். கண்மாய் உட்புறம், மேய்ச்சல் புறம்போக்கு ஆகியவற்றின் கார்பனை யாரும், அரசுத் துறையே ஆனாலும், கிராம சபையின் தீர்மானம் இல்லாமல் விற்கக் கூடாது.

கால அளவு பற்றி ஒரு சொல். ஆஸ்திரேலியாவில் மண்ணிலும் மரத்திலும் சேர்த்த கார்பனை 25 ஆண்டோ 100 ஆண்டோ காப்பதாக ஒப்புக்கொள்ள வேண்டும்; 25 ஆண்டைத் தேர்ந்தால் கிரெடிட்டில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துவிடுவார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் இயற்றிய சட்டத்தில் கார்பன் வேளாண்மைக்குக் குறைந்தது ஐந்து ஆண்டு. கண்மாய் தொடர்ந்து இரண்டு ஆண்டு பெருகாவிட்டால் எங்கள் வயலில் சேர்ந்த கார்பன் வெயிலிலேயே கரைந்துவிடும். அது விவசாயியின் குற்றமன்று. வறட்சியால் நேரும் இழப்பை ஈடுகட்டும் பொறுப்பு, இத்தகைய இழப்புக்கென ஒதுக்கி வைக்கப்படும் திட்டத்தின் பொதுக் கையிருப்புக்கு உரியது. கையெழுத்திட்டவரிடம் பணத்தைத் திரும்பக் கேட்கக் கூடாது.

இவ்வளவையும் சொல்வதற்கு எங்களுக்கு ஓர் இடமும் நேரமும் வேண்டும் என்பதே என் மையமான கோரிக்கை. 2014ஆம் ஆண்டு மத்திய அரசு வகுத்த சட்டமியற்றலுக்கு முந்தைய கலந்தாலோசனைக் கொள்கை, வரைவுகளைக் குறைந்தது 30 நாள் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும், எளிய நடையில் விளக்கக் குறிப்பும் தர வேண்டும் என்கிறது. இணையத்தில் ஆங்கிலத்தில் வைத்தால் அது மக்கள் பார்வை ஆகாது. 2020இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கையை அரசமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் மொழிபெயர்த்து வெளியிட தில்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது; அதை எதிர்த்து மத்திய அரசு உச்ச நீதிமன்றம் வரை போனது. கார்பன் விதிகளுக்காக இன்னொரு முறை நீதிமன்றப் படி ஏற வேண்டிய நிலையை அரசு உண்டாக்கக் கூடாது. காலமும் முக்கியம். புரட்டாசி முதல் தை வரை 30 நாள் அவகாசம் கொடுப்பதும், கொடுக்காமல் இருப்பதும் எங்களுக்கு ஒன்றுதான். அறுவடை முடிந்து களம் ஒழிந்த பங்குனி, சித்திரையில் கேளுங்கள். மார்ச் 22, மே 1 ஆகிய இரு கிராம சபைகளும் அந்தக் காலத்திலேயே வருகின்றன.

கேட்பதற்கான ஆட்களும் இங்கேயே இருக்கிறார்கள். செட்டிநாட்டில் வேளாண் பல்கலைக்கழகத்தின் வறட்சி நில ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அருகிலேயே அரசு வேளாண்மைக் கல்லூரியும் வந்துவிட்டது. அந்த மாணவர்களைக் கண்மாய்க்கு இருவராக அனுப்பி, ஓர் ஆண்டு முழுவதும் நீர் நின்ற நாட்களையும் மண்ணின் கார்பனையும் அளக்கச் சொன்னால், வெளியிலிருந்து எடுத்து ஒட்டும் எண்ணைவிட நம்பகமான அடிப்படைக் கணக்கு கிடைக்கும். 1970களின் பிற்பகுதியில் குன்றக்குடி அடிகளார், காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தின் விஞ்ஞானிகளை ஊர் மக்களோடு ஒன்றாக உட்கார வைத்துக் கிராமத் திட்டம் தீட்டியது இதே மண்ணில் நடந்ததுதான்.

எனவே, வேளாண் நிலங்களுக்கான கார்பன் கிரெடிட் முறை எதையும் இறுதி செய்வதற்கு முன், வரைவின் முழுத் தமிழாக்கத்தையும் ரூபாய்க் கணக்குடன் கூடிய விளக்கக் குறிப்பையும் ஒவ்வொரு ஊராட்சிக்கும் அனுப்பி, வரும் மார்ச் 22 கிராம சபையில் அதைப் பொருளாக வைக்குமாறு மாவட்ட ஆட்சியர்களுக்குத் தமிழ்நாடு அரசு சுற்றறிக்கை அனுப்ப வேண்டும். சிவகங்கை, புதுக்கோட்டை, ராமநாதபுரம் மாவட்டங்களின் கண்மாய்ப் பாசன விவசாயிகளுக்கெனச் செட்டிநாடு வேளாண்மைக் கல்லூரியில் தனி அமர்வு ஒன்றை மத்திய வேளாண் அமைச்சகம் நடத்த வேண்டும். அதுவரை ஆங்கில ஒப்பந்தங்களில் விவசாயிகளிடம் கையெழுத்து வாங்குவதை வேளாண் துறை நிறுத்தி வைக்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கண்மாய்ப் பாசன விவசாயி ஒருவர்,
காரைக்குடி வட்டம், சிவகங்கை மாவட்டம்.